வறட்சி ஓவர்சியர்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னால் திருவாரூர்ப் பக்கம் முகம் மலராத ஆள் கிடையாது. நிலம் உள்ளவன் நாற்றங்காலை நினைப்பான். நிலம் இல்லாதவன் நடவுக் கூலியை நினைப்பான். இரண்டுக்கும் சம்பந்தமில்லாத எங்கள் தெருத் தையற்காரர்கூட, குறுவை அறுத்த கையோடு வரப்போகும் தீபாவளித் துணிகளை நினைத்துக்கொண்டு மிஷினுக்கு எண்ணெய் போடுவார். ஒரே ஒரு மனிதர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அதுக்குள்ளயா?" என்று கேட்பார். அவர் பெயர் பஞ்சநதம். பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் நெடுங்காலம் குடியிருந்தார்.

அவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல. அவருடைய வேலை அப்படி. கோடையில் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும்போது தூர் வாருகிற வேலையைக் கான்ட்ராக்டர்களுக்கு விடுவார்கள். எவ்வளவு மண் வெட்டியிருக்கிறது என்று ஒருவர் அளந்து புத்தகத்தில் ஏற்றுவார். அதை வைத்து அவ்வப்போது பில் போட்டுப் பணம் கொடுப்பார்கள். கடைசி பில்லுக்கு மட்டும், முதலில் அளந்தது சரிதானா என்று இன்னொருவர் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர்தான் பஞ்சநதம். தண்ணீர் வந்துவிட்டால் என்னத்தைத் திரும்ப அளப்பது? இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பது கெண்டை மீனுக்குத்தான் தெரியும். ஆகவே கான்ட்ராக்டர்கள் வேலையை இழுத்துக்கொண்டே போய், தண்ணீர் வருகிற வாரத்தில் "முடிஞ்சிருச்சுங்க" என்று வந்து நிற்பார்கள். தண்ணீர் எப்போதும் அவர்கள் கட்சி. பஞ்சநதத்தின் கட்சியில் வெயில் மட்டும்தான் இருந்தது.

அவருக்கு அவர்கள் வைத்த பெயர் வறட்சி. "வறட்சி வருது" என்று யாராவது சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற கான்ட்ராக்டர் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆளும் வற்றல். சைக்கிள் கேரியரில் டேப், ஒரு கைப்பிடியில் தயிர்சாதத் தூக்கு, மறு கைப்பிடியில் தண்ணீர்க் கூஜா. வேலை நடக்கிற இடத்தில் இளநீர் சீவிக் கொடுத்தால், சீவினவனையே குடிக்கச் சொல்லிவிடுவார். கான்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணம் என்றால் வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு, பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிடுவார். அவர் மனைவி மங்களாம்பிகைக்கு இது மகா எரிச்சல்.

"கல்யாணச் சாப்பாட்டுல என்னாங்க லஞ்சம்?" என்பார் அந்த அம்மாள்.

"பாயசத்துல ஆரம்பிக்கும்" என்பார் இவர்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவருடைய நேர்மையில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. ஒருவனை மடக்கிவிட்டு வருகிற நாளில் சைக்கிள் மணியைத் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டுப் பெண்கள், "இன்னிக்கு யாரு தலையோ" என்று சிரிப்பார்கள். யாருடைய தலை என்று நாங்கள் யாரும் விசாரித்தது கிடையாது.

அப்போது நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் போட்டிருந்தார்கள். மிராசுதார்கள் நிலத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அலைந்துகொண்டிருந்தார்கள். மனைவி பெயர், மருமகன் பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் தீர்ந்துபோய்ப் பண்ணையாட்களின் பெயருக்கு வந்திருந்தது. இன்னொரு பக்கம் கூலி கேட்டுச் சங்கம், சங்கத்தை உடைக்க வெளியூர் ஆட்கள், அறுப்பு வயலில் போலீஸ். இதற்கு நடுவில் குடியிருப்புச் சட்டம் ஒன்றும் வந்தது. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை இனிச் சொந்தம் என்று பட்டா கொடுத்தார்கள். பட்டா வாங்கினவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மனையைப் பறிகொடுத்த மிராசுதார்கள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

நெய்விளாங்குடித் துரைராசு மட்டும் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. அவர் பெரிய மிராசுதார், அதைவிடப் பெரிய கெட்டிக்காரர். காற்று மாறும் முன்பே தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்றியத்துக்குத் தலைவராகிவிட்டார். நிலம் போனால் போகட்டும், இனிமேல் கான்ட்ராக்டில்தான் நல்ல விளைச்சல் என்று கண்டுகொண்டார். தலைவராக இருந்துகொண்டு சர்க்கார் வேலையைத் தன் பெயரில் எடுக்க முடியாது. அதனால் என்ன, நிலத்துக்குக் கண்டுபிடித்த வழிதான் கையில் இருக்கிறதே. தன் பண்ணையாள் காத்தானைக் கூப்பிட்டு, இங்கே இங்கே என்று கைநாட்டு வைக்கச் சொன்னார். காத்தான் வைத்தான். ஏற்கெனவே நிலப் பத்திரத்தில் அப்படி வைத்துப் பழகின கைதான்.

ஆகக் காகிதத்தில் காத்தான் நஞ்சை நிலத்துக்குச் சொந்தக்காரன், பதிவு பெற்ற கான்ட்ராக்டர். நடப்பில் அந்த நிலத்தை உழுபவனும் அந்தக் கான்ட்ராக்டில் மண் சுமப்பவனும் அவன்தான். பொழுது சாய்ந்தால் துரைராசுவின் ஏஜெண்டு நடராசன் முன்னால் கூலிக்குக் கைகட்டி நிற்பான். அவனுக்கென்று உண்மையில் இருந்தது சட்டம் கொடுத்த மனைக்கட்டு, அதன்மேல் ஒரு குடிசை, வாசலில் ஆடு. அவன் மனைவி செவ்வந்தி அந்த மனைக்கட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, மூலையில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றியிருந்தாள். சொந்த இடத்தில் மட்டும்தான் மரம் வைப்பார்கள்.

காத்தான் வெறும் பெயர்தான் என்பது ஊருக்கே தெரியும். பஞ்சநதத்துக்கும் தெரியும்.

நெய்விளாங்குடி வாய்க்கால் வேலைக்கு அவர் முதல் தடவை போனபோது, வழக்கம்போல, "கான்ட்ராக்டர் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். நடராசன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"அதோ, கூடையோட கரையேறுறாரு பாருங்க சார்."

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் காத்தான் கூடையைப் போட்டுவிட்டு, "என்னாங்கய்யா?" என்று ஓடி வந்தான். முழங்கால் வரை சேறு. எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சநதமும் சிரித்தார். "கான்ட்ராக்டரே, டேப்போட அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்று தன் பங்குக்கு ஒன்று சொன்னார். இன்னும் பெரிய சிரிப்பு. காத்தானும் என்ன ஏது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே முனையைப் பிடித்தான். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலில் அவர் அளக்கப் போகும்போதெல்லாம் டேப்பின் மறுமுனை காத்தான் கையில்தான். தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடு என்று சொல்லும் வரை அசையாமல் நிற்பான்.

அன்று சிரித்த சிரிப்பைப் பற்றிப் பின்னாளில் என்னிடம் சொல்லும்போது பஞ்சநதம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மண் வேலையை அளக்க ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலை ஆழப்படுத்தும்போது முழுவதையும் வெட்டிவிடாமல், அங்கங்கே பழைய தரையை ஒரு சின்னத் திட்டாக விட்டுவைப்பார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியின் தலையில் பழைய புல் அப்படியே நிற்கும். அதன் தலையிலிருந்து புதுத் தரை எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு மண் போயிருக்கிறது என்று கணக்கு. அளந்து முடித்த பிறகுதான் அதை வெட்டி எடுக்க வேண்டும்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. திறப்பு தள்ளிப்போயிற்று. ஜில்லா முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பஞ்சநதம் உற்சாகமாகச் சைக்கிளை எடுத்தார். நெய்விளாங்குடியில் துரைராசுவின் ஆட்கள் அவரை எதிர்பார்க்கவில்லை. இதற்குள் வாய்க்காலில் மீன் துள்ளியிருக்கும் என்று நினைத்து முன்னேற்பாடாகச் செய்தது எல்லாம் வெயிலில் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது.

சாட்சிகள் நல்ல உயரமாகத்தான் நின்றன. ஆனால் தலையில் இருந்த அறுகம்புல் மஞ்சளாகப் பழுத்திருந்தது. பஞ்சநதம் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தார். ஒரு சாண் கீழே, மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு வரிசைப் புல் நசுங்கி வெளியே எட்டிப் பார்த்தது. மேல் புல்லைப் பிடித்து இழுத்தார். தலைப்பாகை கழன்று வருவதுபோல மண்ணோடு கழன்று கையில் வந்தது. கரையிலிருந்து புல்லை மண்ணோடு கரணை கரணையாக வெட்டி வந்து ஒவ்வொரு சாட்சியின் தலையிலும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வெட்டாத ஆழத்துக்கெல்லாம் பில் போட்டு, பெரும்பகுதிப் பணமும் வாங்கியாகிவிட்டது.

"இதை யாரு வெச்சது?" என்று கேட்டார்.

டேப் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த காத்தான் தலையைக் குனிந்துகொண்டான். நடராசன் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வெயிலுக்குக் காஞ்சிருக்கும் சார். இன்னிக்கு அப்படியே விட்டுட்டுப் போங்க. தலைவர் உங்களப் பாத்துப் பேசணும்னாரு."

"தலைவருக்கும் இதுக்கும் என்னாய்யா சம்பந்தம்? கான்ட்ராக்டர் காத்தான்தானே? நான் அவருகிட்டயே பேசிக்கிறேன்" என்றார் பஞ்சநதம்.

நடராசனைச் சாமர்த்தியமாக மடக்கிவிட்டதாகப் பஞ்சநதத்துக்கு நினைப்பு. அன்று தெருமுனையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை மணிச்சத்தம் கேட்டது.

அறிக்கை எழுதினார். கான்ட்ராக்டர் காத்தான் சாட்சிகளின் உயரத்தைக் கூட்டிச் சர்க்காரை ஏமாற்றியிருக்கிறார் என்று எழுதினார். துரைராசுவின் பெயர் அதில் எங்கும் இல்லை. காகிதத்தில் இல்லாத பெயரை எப்படி எழுதுவது என்பது அவர் வாதம். துரைராசு வீட்டிலிருந்து வாழைத்தார் வந்தது, திருப்பி அனுப்பினார். ராமநாதபுரத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள், அங்கே இன்னும் வறட்சி, எனக்கு ஒத்துக்கொள்ளும் என்று பதில் சொன்னார். எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கொஞ்ச நாளில் சென்னையில் காற்று மாறி, கான்ட்ராக்டர்களுக்குப் போன பணத்தையெல்லாம் தோண்டிப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. பஞ்சநதத்தின் அறிக்கை மேலே ஏறியது. கூடுதலாகப் போன பணத்தையும் அபராதத்தையும் கான்ட்ராக்டரிடமிருந்து வசூலிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மங்களாம்பிகை அம்மாள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்று அந்த வீட்டிலேயே பாயசம் வைத்தார்கள்.

செவ்வந்தி அந்த வீட்டு வாசலுக்கு வந்ததை நான் பார்த்தேன். காலை நேரம், பஞ்சநதம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த காகிதத்தை அவள் அவிழ்த்து நீட்டினாள். படியில் ஏறவில்லை. தெருவிலேயே நின்றாள்.

"ஐயா, இதுல உங்க பேரும் இருக்குதுன்னாங்க. ஆட்டைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. பித்தளைக் குடத்தையும் எடுத்துட்டாங்க. மனைய ஏலம் போடப்போறோம்னு தமுக்கு அடிச்சிட்டுப் போறாங்க. நாங்க என்னாங்க பண்ணுனோம்?"

அது ஜப்தி நோட்டீஸ். பஞ்சநதம் அதைப் படித்தார். முகம் மாறியது.

"அதெல்லாம் துரைராசு கட்டுவாரும்மா. அவருதானே வேலை எடுத்தது."

"அவருகிட்ட போனோங்க. எம் பேருல என்னாடி இருக்கு, எல்லாம் உம் புருசன் பேருலதானே இருக்குன்னாரு."

"அந்த நிலம் இருக்குதே, காத்தான் பேருல?"

"அதை எப்பவோ வேற ஆளு பேருக்கு மாத்திட்டாருங்க. இவரு பேருல இப்ப இருக்குறது எங்க மனை ஒண்ணுதான்." அவள் அழவில்லை. நேராகப் பார்த்தாள். "நாங்க கண்ட்ராக்டரா ஐயா? அவரு மண்ணு சுமந்ததை நீங்கதான் பாத்தீங்களே."

நீங்கதான் பாத்தீங்களே என்று அவள் சொன்னபோது பஞ்சநதத்தின் கையிலிருந்த துடைக்கிற துணி கீழே விழுந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவளுக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது என்று பிறகு சொன்னார். அவ்வளவு நேர்மையான மனிதருக்கு ஒரு கூலிக்காரப் பெண்ணின் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

நேராகத் தாசில்தாரிடம் போனார். தாசில்தார் காயாரோகணம் நல்ல மாதிரி. ஓய்வுபெறப் போகிற வயது, யாருடைய குடியையும் கெடுக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எனக்கு மட்டும் தெரியாதா சார்? அந்த ஆளு பண்ணையாளு. ஆனா ஆணையில அவன் பேரு இருக்கே, நான் என்ன செய்ய? நீங்க ஒண்ணு செய்யுங்க. காத்தான் பேருக்குத்தான் கான்ட்ராக்டர், உண்மையில வேலை எடுத்தது துரைராசு, இதை நான் நேர்ல கண்டு அறிவேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஏலத்தை நிறுத்தி வெச்சு மேல அனுப்பிடறேன்."

"அது போதுமா?"

"போதும். ஆனா உங்களுக்கும் கேள்வி வரும். நேர்ல தெரிஞ்சிருந்தா அப்பவே ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. யோசிச்சுக்குங்க."

பஞ்சநதம் அன்று வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் பாராட்டுக் கடிதத்துக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தார். ஜூனியர் இன்ஜினீயர் பதவி உயர்வுக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தெரிந்தே மறைத்தார் என்று வந்தால் பதவி உயர்வு போகும், விசாரணை வரும், வேலையிலிருந்துகூட நிறுத்திவைப்பார்கள். அதையெல்லாம்விட, வறட்சிக்கும் தெரியுமாம், வாயை மூடிக்கொண்டு இருந்தானாம் என்று டீக்கடையில் நடராசன் சொல்வது காதில் கேட்டது. அதுதான் அவரைக் கொன்றது. நேர்மையானவர் என்ற பெயர் போய்விடுமே என்ற பயத்தில் அந்த மனிதர் நேர்மையைக் கைவிட்டார்.

எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? "காத்தான் என்பவர் பெயரளவில்தான் கான்ட்ராக்டர் என்று ஊரில் பேசிக்கொள்வதாகத் தெரியவருகிறது" என்று எழுதினார். ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்! மற்றவன் அளந்ததைத் தன் கையால் அளக்காமல் ஏற்காத ஆள், சேற்றுக் காலோடு எதிரே வந்து நின்ற மனிதனை ஊர்ப்பேச்சு ஆக்கிவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தாசில்தார் படித்துப் பார்த்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"ஊர்ப் பேச்சை வெச்சு ஏலத்தை நிறுத்த முடியாது சார். நான் சொன்ன மாதிரி எழுதித் தாங்க. பேனா வேணுமா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் பஞ்சநதம்.

காயாரோகணம் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னவர், பஞ்சநதம் எழுந்து போகும்போது தலை நிமிரவில்லை.

ஏலம் நெய்விளாங்குடி மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. துரைராசு வரவில்லை. நடராசன் மட்டும் வந்து ஒரு தொகை சொன்னான். அவனுக்கு எதிராகக் கேட்க யார் இருக்கிறார்கள்? மனைக்கட்டு அவனுக்கே முடிந்தது. சட்டம் துரைராசுவிடமிருந்து வாங்கிக் காத்தானுக்குக் கொடுத்ததை, சர்க்கார் காத்தானிடமிருந்து வாங்கித் துரைராசுவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. நடராசன் கொடுத்த ஏலத்தொகைகூட அந்த வாய்க்காலில் வெட்டாத மண்ணுக்கு வாங்கின பணமாகத்தான் இருக்கும். கிளுவை வேலியைப் பிரித்துவிட்டு அங்கே மாட்டுக் கொட்டகை போட்டார்கள். முருங்கை காய்க்கிற பருவத்தில் இருந்தது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

பஞ்சநதம் ஜூனியர் இன்ஜினீயர் ஆனார். கூடத்தில் மாட்டியிருந்த கடிதத்தைக் கழற்றிவிட்டார். ஏன் என்று மங்களாம்பிகை அம்மாள் கேட்டதற்குச் சுவரில் கரையான் என்று சொன்னார். சைக்கிள் மணியை அடிப்பது நின்றுபோயிற்று. யாராவது, "சாரைப் போல நேர்மையான ஆளைப் பார்க்க முடியாது" என்று வாயெடுத்தால் வள்ளென்று விழுவார். மன்னார்குடிப் பக்கம் போக வேண்டியிருந்தால் நெய்விளாங்குடிச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போவார். வெயிலில் ஏன் இப்படிச் சுற்றிப் போகிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன். அந்தச் சாலையில் புழுதி என்றார்.

சுற்றுவழியிலேயே பல கோடை கழிந்தது. பிறகு ஒரு கோடையில், தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் கரைகளில் இருக்கிற ஆக்கிரமிப்புகளை அளந்து எழுதி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. எழுதி அனுப்பினால் மறு வாரம் ஆட்கள் வந்து பிரித்துப் போட்டுவிடுவார்கள். நெய்விளாங்குடி வாய்க்காலும் அதில் இருந்தது. வேறு ஆளை அனுப்பப் பார்த்தார், முடியவில்லை. மடை திறந்து மூடுகிற வாய்க்கால் லஸ்கர் அய்யாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு போனார்.

கரையில் ஏழெட்டுக் கீற்றுக் குடிசைகள் இருந்தன. கடைசிக் குடிசையை நெருங்கியபோது, வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஒருவன் அவசரமாக எழுந்து வந்தான். தலை நரைத்துவிட்டது.

"வாங்கய்யா, வாங்கய்யா" என்றான் காத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அய்யாக்கண்ணுவின் கையிலிருந்து டேப்பின் முனையை வாங்கி, தன் குடிசையின் மூங்கில் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "தொய்வு இல்லாம இருக்குதுங்களா?"

எதற்காக அளக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. பஞ்சநதம் டேப்பைப் பார்த்தார். எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"காத்தான், என் மேல உனக்குக் கோவம் இல்லையா?"

"உங்க மேலயா? எதுக்குங்கய்யா?" அவன் திகைத்துப்போனான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான், அன்று சாட்சிக்குப் பக்கத்தில் குனிந்ததுபோலவே. "அந்தப் புல்லுக் கரணைய வெட்டியாந்து வெச்சது நான்தாங்க. நடராசன் ஐயா வெக்கச் சொன்னாரு, வெச்சுட்டேன். சர்க்காரு அளக்குற எடத்துல பொய்ய வெச்சா தண்டனை உண்டுதானுங்களே. மனை போனது அதுக்குத்தான்னு செவ்வந்திகிட்டயும் சொல்லிட்டேன். அவ ஒத்துக்க மாட்டேங்குறா."

பஞ்சநதம் குடிசை வாசலைப் பார்த்தார்.

"ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு அப்பலேருந்து மனசுல கெடக்குதுங்க. ரோட்டுல வந்தா கேட்டுடலாம்னு பாத்தேன். எம் மேல இருக்குற கோவத்துல நீங்க இந்தப் பக்கமே வரலை." ஒரு கையால் டேப்பைப் பிடித்துக்கொண்டே மறு கையைத் தூக்கிக் கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்கய்யா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் மனை அதற்காகப் போகவில்லை, உன் பெயரை நான் எழுதியதால் போனது, தடுக்கிற வழி என் கையில் இருந்தும் நான் தடுக்கவில்லை, நீ என் காலில் விழ வேண்டியவன் அல்ல, நான் உன் காலில் விழ வேண்டும். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது என்றார். சொன்னால் அவன் நம்பியிருக்கும் நியாயமும் போய்விடுமே என்று பட்டதாம். அது சாக்கு என்று அவருக்கே தெரியும். என்னிடம் சொல்லும்போது அவரே சொன்னார், சாக்குதான் என்று.

"கொஞ்சம் தண்ணி குடு" என்று மட்டும் கேட்டார்.

காத்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். செவ்வந்தி அலுமினியச் சொம்பைக் கொண்டுவந்து, அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனிதர், குனிந்து அதை எடுத்து நின்றபடியே குடித்து முடித்தார்.

"அளவு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றார் அய்யாக்கண்ணு.

"வேணாம், விடு. இதைத் தண்ணி வந்த பிறகு பாத்துக்கலாம்."

"தண்ணி வந்துட்டா கரையோட அடி மூழ்கிடுமே, அப்புறம் அடுத்த கோடைக்குத்தானே சார் அளக்க முடியும்?"

பஞ்சநதம் டேப்பைத் தரையில் வைத்துவிட்டுச் சைக்கிள் பக்கம் நடந்தார். காத்தான் ஆவலாக, "தண்ணி எப்பங்கய்யா வரும்?" என்று கேட்டான்.

"சீக்கிரம் வந்துடும்" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அதை வேண்டிக்கொண்டுதான் சொன்னார். நாளைக்கே வந்துவிடட்டும், இந்தக் கரையை யாரும் அளக்க முடியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தார். காத்தான் டேப்பின் முனையை மூங்கில் காலோடு சேர்த்துப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தான். விடு என்று அவர் அவனிடம் சொல்லவில்லை.